தைக்கு முன் இரு நாள்

மழைக்காலம் முடிந்ததும் வீட்டைப் புதுப்பிப்பது தமிழர்களின் தொன்றுதொட்ட வழக்கம். தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி தொடங்கிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பதாகும். அம்மழை ஏரி, குளங்களை நிரப்புவதோடு வீட்டுச் சுவர்களில் பாசியையும், கூரையில் ஒழுக்கையும், முற்றத்தில் களையையும் விட்டுச் செல்கிறது. ஆகவே மார்கழி இறுதியில், பொங்கலுக்கு முன், ஊரெங்கும் வீடு மெழுகுவதும் வெள்ளையடிப்பதும் நடைபெறுகின்றன. இவற்றைப் பண்டிகைக்கான அலங்காரம் என்று மட்டும் கருதுதல் கூடாது. இவற்றுள் ஒவ்வொன்றும் உடல் நலத்தையும் உணவையும் காக்கும் பணியாகும். ஒரு குடும்பத்தார் சனி, ஞாயிறு ஆகிய இரு விடுமுறை நாட்களில் மனம் ஒன்றி உழைத்தால் இப்பணிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்கலாம்.

எப்பணிக்கும் ஒழுங்குமுறை உண்டு. வீட்டு வேலையை மேலிருந்து கீழாகச் செய்தல் வேண்டும். தரையைக் கழுவிய பின்னர் ஒட்டடை அடித்தால் கழுவிய உழைப்பு வீணாகும். சுவருக்கு வெள்ளையடித்த பின்னர் ஓட்டு ஒழுக்கை அடைக்க முற்பட்டால் சுவர் மீண்டும் கறைபடும். முதலில் கூரை, பின்னர் சுவர், அதன்பின் தரை, இறுதியாகத் தோட்டம் என்பதே முறையான வரிசை.

கூரையில் உடைந்த ஓடு ஒன்று இருப்பினும் அதனை அப்பொழுதே மாற்றுதல் நன்று. அவ்வழியே இறங்கும் நீர் கைமரத்தை நனைக்கிறது. ஈரமுற்ற மரத்தைப் பூஞ்சையும் கறையானும் எளிதில் பற்றுகின்றன. ஓர் ஓட்டின் விலைக்கு அஞ்சியவன் பின்னர் மரத்தின் விலையைக் கொடுக்க நேரும். மாடி வீடாயின், தளத்து வெடிப்புகளை அடைத்து, நீர் வடியும் துவாரங்களில் சேர்ந்துள்ள சருகுகளை அகற்றுதல் வேண்டும். ஏணியில் ஏறுவோர் பெரியவராக இருத்தலும், கீழே ஒருவர் ஏணியைப் பற்றியிருத்தலும் இன்றியமையாதன.

அடுத்தது வெள்ளையடித்தல். எளிய பணியாகிய இதனுள் ஓர் அரிய வேதியியல் உண்மை அடங்கியுள்ளது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதனை நீரில் இட்டால் ‘சுர்’ என்னும் ஓசையுடன் கொதித்து நீறுகிறது. அந்நீற்றைக் கரைத்துச் சுவரில் பூசும்பொழுது, அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. கல் நெருப்பினால் நீறாகி, நீரினால் குழம்பாகி, காற்றினால் மறுபடியும் கல்லாகிறது! வெள்ளையடித்த சுவர் உண்மையில் மெல்லிய கற்போர்வை போர்த்த சுவரேயாகும்.

இவ்வுண்மையை அறிந்தோர்க்கு வெள்ளையடிக்கும் முறையின் காரணங்களும் விளங்கும். சுண்ணாம்பு நன்கு நீறுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆதலின் வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரியவர்கள் அதனை நீற்றி வைத்தல் நலம். நீறும்பொழுது எழும் வெப்பம் கையைச் சுடும். கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும். எனவே சிறுவர் அருகில் செல்லலாகாது. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுதல் வேண்டும். மறுநாள், நீறிய சுண்ணாம்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, சுவரில் நன்கு ஒட்டும் பொருட்டுச் சிறிது பசை சேர்ப்பர். பழைய பாசியையும் உதிரும் பூச்சையும் சுரண்டிவிட்டு, சுவரை நீர் தெளித்து நனைப்பர். உலர்ந்த சுவர் சுண்ணாம்பிலுள்ள நீரை விரைவில் உறிஞ்சிவிடும். அங்ஙனம் உறிஞ்சினால் நீறு கல்லாவதற்குமுன் காய்ந்து, தொட்டவர் கையில் பொடியாக ஒட்டும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியில் பூச்சு மெல்ல உலர்வதால், அக்காலம் இப்பணிக்கு மிகவும் ஏற்றதாகிறது. முதற்பூச்சு ஈரமாக இருக்கும்பொழுது நீர்போல் மங்கித் தோன்றும். உலர உலரவே வெண்மை மிகும். அதனைக் கண்டு மனந்தளர்ந்து மேன்மேலும் தடிப்பாகப் பூசலாகாது. மெல்லிய பூச்சாக இருமுறை அல்லது மும்முறை பூசுதலே சிறந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கவல்லது. வெண்மையான சுவர் ஒளியைப் பரப்பி இருண்ட அறையையும் வெளிச்சமாக்குகிறது.

சுவர் உலரும் நேரத்தில் சிறு பணிகளை முடிக்கலாம். கதவின் கீல்களுக்கு எண்ணெய் இடுதல், தளர்ந்த தாழ்ப்பாளை இறுக்குதல், துருவேறிய மண்வெட்டியைத் தேய்த்துக் கூராக்குதல் ஆகியன சிறுவரும் பெரியவர் துணையுடன் செய்யத்தக்கன.

இரண்டாம் நாள் தோட்டத்திற்கு உரியது. தோட்டத்தில் இறங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, தேங்கிய நீரை அகற்றுதல். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் சிறிதளவு நீரிலேயே பெருகக்கூடியது. அதன் முட்டை, பறக்கும் கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துவிட்டால் கொசு பிறப்பதற்கு முன்பே அழிந்துபோகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் பல மாதம் உயிருடன் இருத்தலால், தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். விடுமுறை நாளில் ஒருவர் செலவிடும் கால் மணி நேரம் ஒரு குழந்தையைக் காய்ச்சலிலிருந்து காக்கக்கூடும்.

பின்னர்க் களைகளையும் சருகுகளையும் கூட்டிச் சேர்க்கவேண்டும். இவற்றைப் போகியன்று கொளுத்துவது பலருடைய வழக்கம். அப்புகை குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் மூச்சுத்திணறலை உண்டாக்குகிறது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து வானத்தை மூட, விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தலால் எழும் புகையோ நஞ்சு போன்றது. சருகு எரிந்தால் ஒரு பிடி சாம்பல். மக்கினால் ஒரு கூடை எரு. எதனைத் தேர்வது அறிவுடைமை?

எரு செய்யும் முறை எளிது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் அறிஞர், இந்திய உழவர்களின் பழக்கங்களை உற்றுநோக்கி, கழிவுகளை எருவாக்கும் ‘இந்தூர் முறை’யை வகுத்தார். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, பசுந்தழையும் காய்கறிக் கழிவும் ஓர் அடுக்கு, அதன்மேல் சாணக் கரைசல், சிறிது மண், சாம்பல் என மாற்றி மாற்றி இட்டு, ஈரம் காக்க வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று பெருகும்பொழுது குவியலின் உட்புறம் கைபொறுக்காத அளவு சூடேறும். அவ்வெப்பத்தில் களை விதைகளும் கிருமிகளும் பெரும்பாலும் மடியும். நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டுமாதலால் இடையிடையே குவியலைப் புரட்டிவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அது மண்மணம் கமழும் கரிய எருவாகிவிடும். மார்கழியில் இட்ட சருகு, ஆடிப்பட்ட விதைப்புக்கு உரமாகும்.

நிலத்தைக் கொத்தி, பழைய தொழுவுரம் கலந்து, பாத்தி கட்டியபின் விதைக்கலாம். தைப்பட்டம் காய்கறிகளுக்கு ஏற்ற பருவங்களுள் ஒன்று. வெண்டையை நேரே ஊன்றலாம். ஏறத்தாழ 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, மிளகாய் ஆகியவற்றை முதலில் நாற்றங்காலில் விதைத்து, நான்கைந்து வாரங்கள் சென்றபின் பிடுங்கி நடவேண்டும். கீரை விதை மிகச் சிறியதாதலால், மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும்; ஒரு திங்களுக்குள் பறிக்கலாம். புடல், பாகல், பீர்க்கு ஆகிய கொடிகளுக்குப் பந்தல் வேண்டும். விதைத்த பாத்தியில் குடத்து நீரைக் கொட்டினால் விதை அடித்துச் செல்லப்படும். பூவாளியால் மென்மையாகத் தெளித்தல் வேண்டும். பாத்திரம் கழுவிய நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குப் பாய்ச்சினால், சாக்கடையும் தேங்காது, வாழையும் வளரும். தோட்டம் இல்லாதோர் மாடியில் தொட்டிகளை வைத்துக் கீரையும் மிளகாயும் வளர்க்கலாம். தொட்டியின் அடியில் நீர் வடியத் துளை இருத்தல் இன்றியமையாதது.

இப்பணிகளைத் தாயின் கடமை என்றோ, கூலியாளின் தொழில் என்றோ ஒதுக்குதல் தகாது. வீட்டின் நிழலில் வாழ்வோர் அனைவருக்கும் வீட்டின் பணியில் பங்கு உண்டு. மகன் தரை மெழுகுவதாலும், மகள் மண்வெட்டி பிடிப்பதாலும் குறைவு எதுவும் வந்துவிடாது. தான் நட்ட செடியில் காய்த்த முதற்காயைப் பறிக்கும் சிறுவன், உழவனின் உழைப்பை நூல் படிக்காமலே உணர்கிறான். தான் வெள்ளையடித்த சுவரில் கிறுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. உழைப்பு பொருளைத் தருவதோடு, பொருளைப் போற்றும் பண்பையும் தருகிறது. வெண்சுவரும், ஒழுகாத கூரையும், ஈரம் காயாத புதுப்பாத்தியும் கொண்ட வீட்டில் பொங்கும் பொங்கல், உழைத்தோர் அனைவருக்கும் இருமடங்கு இனிக்கும் என்பதில் ஐயமில்லை.