எல்லாத் தட்டிலும் மினுங்கும் மஞ்சள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வண்டி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பெயிண்ட் ஷாப்பிலிருந்து வரும் பாடியில் எங்கே புள்ளி, எங்கே வழிசல் என்று வண்டியின் கோட்டுப்படத்தில் குறிப்பார்கள். "இந்த ஷிஃப்டில் இருபது குறை" என்ற கணக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இருபதும் இடது பின்கதவின் ஓரத்திலேயே குவிந்திருந்தால், எந்த ஸ்ப்ரே கன்னைக் கழற்ற வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

மருந்து தேடும் ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். அங்கே வண்டிக்குப் பதில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தட்டு. 16 வரிசை, 24 பத்தி, 384 குழி. ஒவ்வொரு குழியிலும் நோயோடு தொடர்புள்ள புரதமோ உயிரணுவோ இருக்கும். ரோபோ கை குழிக்கு ஒரு சேர்மமாக விட்டுக்கொண்டே போகும். சேர்மம் வேலை செய்ததா என்பதைப் பெரும்பாலும் குழியிலிருந்து வரும் ஒளியின் அளவுதான் சொல்லும். ஒரு லட்சம் சேர்மம் என்றால் ஏறக்குறைய 300 தட்டு. அத்தனை எண்களையும் எக்செல்லில் கொட்டிவைத்தால் யார் கண்ணுக்கும் எதுவும் படாது. தட்டின் வடிவத்திலேயே வண்ணமாகத் தீட்டிப் பார்த்தால் வேறு கதை. நான்கு ஓரத்துக் குழிகளும் சிவந்திருக்கிறதா? அங்கே நீர் சீக்கிரம் ஆவியாகியிருக்கும். ஒரு வரிசை முழுக்க வெளுத்திருக்கிறதா? திரவம் விடும் மூக்கு அடைத்திருக்கும். சேர்மத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படிப்பட்ட படத்தைத் தொட்டுத் தொட்டுக் கேள்வி கேட்கும் வழி, வேடிக்கையாக, சினிமாவிலிருந்து வந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மனும் ஸ்வீடன்காரரான கிறிஸ்டோபர் ஆல்பெர்கும் 1994இல் ஃபிலிம்ஃபைண்டர் என்ற மென்பொருளைக் காட்டினார்கள். ஆண்டு, ஓடும் நேரம் என்று திரையில் ஒரு பட்டியை இழுக்க இழுக்க, திரைப்படங்களைக் குறிக்கும் புள்ளிகள் அந்தக் கணமே மறையும், முளைக்கும். அதே வித்தையை வைத்து ஆல்பெர்க் உருவாக்கிய ஸ்பாட்ஃபயர் மென்பொருளை மருந்துக் கம்பெனிகள் விரும்பி வாங்கின.

மருந்து தேடும் இந்த வேலையில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் குழு 2018இல் 1742 இந்திய மூலிகைகளின் 9596 சேர்மங்களைத் தொகுத்து இம்பாட் என்ற தளமாக வெளியிட்டது. இரண்டாம் பதிப்பில் அது 4010 தாவரம், 17967 சேர்மம் என்று பெருத்தது. மருந்தாகும் தகுதியை வைத்து வடிகட்டியும் பார்க்கலாம். ஆனால் வடிகட்டியில் தேறிய சேர்மமும் கடைசியில் குழிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கேதான் மூலிகைக்கே உரிய தொல்லை ஒன்று காத்திருக்கிறது. அது நிறம்.

கை கழுவும் சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்து, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அப்படி ஒளிர்வது குர்குமின். ஒளியை வைத்து விடை சொல்லும் குழியில் இது விழுந்தால், மருந்து வேலை செய்யாமலேயே கருவி "செய்தது" என்று சொல்லிவிடக்கூடும். போதாக்குறைக்குக் கண்ட புரதத்தோடும் ஒட்டும், கரைசலில் சீக்கிரம் சிதையும்.

தட்டு ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு இப்படி ஒளிரும் குழி புதையல். படத்தில் அந்தக் குழிக்குரிய புள்ளியைச் சொடுக்கி, இதே சேர்மம் இதற்கு முன் வேறு சோதனைகளில் என்ன செய்தது என்று பார்ப்பவருக்கு உண்மை புரியும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத சோதனைகளிலெல்லாம் ஜெயிக்கும் சேர்மம் என்றாலே சந்தேகப்பட வேண்டும். ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழ் 2017இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, குர்குமினை வைத்து 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், மருந்தென்று நம்பிச் சொல்லும்படி ஒன்றும் நிற்கவில்லை என்றது. சாம்பாருக்கு இதனால் பாதகமில்லை.

சந்தேகம் வந்ததும் செய்வது எளிய வேலைதான். புரதத்தை விட்டுவிட்டுச் சேர்மத்தை மட்டும் குழியில் ஊற்றி மறுபடி அளக்கிறார்கள். அப்போதும் ஒளி வந்தால் அந்தப் புள்ளியைப் படத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.