விதையைச் சுற்றிய சதை

திருவாலங்காட்டுப் பக்கம் போயிருந்தபோது ஒரு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நல்ல பழமாப் பார்த்து அறுத்து, பப்பாளி விதையை அப்படியே பையிலே ஊனினேன். 100 பையிலே 20கூட முளைக்கலை. ஒரு மாசம் வீணாப் போச்சு. மண்ணு சரியில்லையா?" என்று கேட்டார். மண் மேல் குற்றமில்லை. விதை மேலிருந்த வழவழப்பை அவர் கழுவவில்லை!

அது என்னவென்று புரிய, அவர் வேலியில் நின்ற கொடுக்காப்புளியையே பார்ப்போம். எல்லைக்கு அந்தப் பக்கம் இதைச் சீமசிந்த என்பார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம்தான். ஆனாலும் 1790-களிலேயே ராக்ஸ்பரோ என்ற தாவர அறிஞர் சோழமண்டலக் கரைச் செடிகளோடு சேர்த்து இதை எழுதிவைத்துவிட்டார். சுருண்ட காய் வெடித்ததும், கறுப்பு விதையை மூடிக்கொண்டு வெள்ளையும் ரோஸுமாகப் பஞ்சுபோல் தெரிகிறதே, அது காயின் சதை அல்ல. விதைக் காம்பிலிருந்து வளர்ந்து விதையைப் போர்த்திக்கொள்வது. இதற்குப் பத்திரி என்று பெயர். ஜாதிக்காய் மேல் சிவப்பு வலையாகப் படர்ந்த ஜாதிபத்திரியும் இதே இனம். பாகல் பழுத்து வெடித்தால் விதைமேல் இனிக்கும் சிவப்புச் சதையும் அப்படித்தான். எல்லாம் பறவைக்குக் கொடுக்கிற கூலி. சதையைத் தின்றுவிட்டு விதையை வேறிடத்தில் போட வேண்டுமல்லவா?

மாதுளை முத்தும் பப்பாளி வழவழப்பும் கொஞ்சம் வேறு. அங்கே விதையின் மேல்தோலே சாறாகிவிட்டது. பப்பாளியில் இந்த மேல்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. பழத்துக்குள் அவ்வளவு ஈரமிருந்தும் விதை முளைக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆகவே விதையில் அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கையால் நன்றாகத் தேயுங்கள். வழவழப்பு உடைந்து கழன்றுவிடும். இரண்டு மூன்று தரம் அலசி, மிதப்பதைத் தள்ளிவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். 1 சென்டிமீட்டர் ஆழம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். பாகல் விதையையும் இப்படியே அலசுங்கள். சதையோடு காயவைத்தால் எறும்பும் பூசணமும் வந்துவிடும்.

இன்னொன்று. சந்தையில் வாங்கின ரெட் லேடி பழத்திலிருந்து விதை எடுக்காதீர்கள். அது வீரிய ஒட்டு ரகம். எவ்வளவு சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் தாய்ப்பழம்போல் ஒரே சீராகக் காய்க்காது.