துடுப்பில் காது வைத்தவர்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். கேட்க வேண்டுமென்றால் நிலாக் காலத்தில், காற்று ஓய்ந்த இரவில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்த வேண்டும். அப்புறம் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். 1848 செப்டம்பரில் இங்கே வந்த காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தோணிப் பலகையில் காதை வைத்ததும் ஒலி வெகுவாகக் கூடியதை எழுதி வைத்திருக்கிறார். மீனவர்கள் அவருக்குக் கைகாட்டியது மீனையல்ல, ஊரியை, அதாவது ஓட்டுக்குள் வாழும் நீர் நத்தையை. பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அதைவிடத் துடுப்புத்தான் பெரிய வியப்பு.

தண்ணீருக்குள் எழும் ஒலி மேலே வந்து காற்றைத் தொடும்போது, அதன் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியேறுகிறது. மிச்சம் திரும்பித் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். காரணம் தடங்கல், அதாவது, ஒரு பொருள் அதிர மறுக்கும் அளவு. தண்ணீரின் தடங்கல் காற்றைப் போல 3,500 மடங்குக்கும் மேல். கனத்ததை அசைத்துப் பழகிய ஒலிக்கு லேசான காற்றைத் தள்ளத் தெரிவதில்லை. மரத்தின் தடங்கலோ தண்ணீருக்குக் கிட்ட நிற்கிறது. அதனால் ஒலி தயங்காமல் துடுப்பில் ஏறி, காதைச் சுற்றிய எலும்புக்கே வந்து சேர்கிறது.

இந்தத் துடுப்புக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், இன்று மறுபடி வீடுகளுக்குள் வரும் இசைத்தட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் சட்டென்று பிடிபடும். முதன்முதலாக ஒரு செட் அமைக்க நினைப்பவருக்கு விலைப்பட்டியலைவிட இதுதான் உதவும்.

முதலில் தட்டு. 12 அங்குல எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றுகிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் 733 சுற்று. அந்த ஒற்றைப் பள்ளத்தை நிமிர்த்திப் போட்டால் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். கல்லடிப் பாலத்தைக் கடந்து அக்கரையிலும் நீளும். பள்ளத்தின் அகலமோ ஒரு தலைமயிருக்கும் குறைவு. அதன் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சாய்ந்திருக்கின்றன: ஒரு சுவரில் இடப்பக்க இசை, மறு சுவரில் வலப்பக்க இசை. ஒரே வைர ஊசி ஒரே நேரத்தில் இரண்டையும் தடவிப் படிக்கிறது. விளிம்பில் ஒரு நொடி இசைக்கு அரை மீட்டர் பள்ளம் கிடைக்கும். நடுவை நெருங்கும்போது அதே ஒரு நொடியை 20 சென்டிமீட்டர் சொச்சத்துக்குள் அடைக்க வேண்டும். கடைசிப் பாட்டில் கீச்சொலி சற்றே மங்குவதற்கு இந்த இட நெருக்கடியும் ஒரு காரணம்.

ஊசி அசையும்போது காட்ரிஜுக்குள், அதாவது ஊசியைத் தாங்கும் சிறு பெட்டிக்குள், ஒரு குட்டிக் காந்தம் கம்பிச்சுருள்களின் நடுவே ஆடுகிறது. அதில் பிறப்பது 5 மில்லிவோல்ட் மின்சாரம். டார்ச் பேட்டரி ஒன்று தருவதில் முந்நூறில் ஒரு பங்கு! இங்கே ஒரு தந்திரமும் உண்டு. மேளத்தின் அடித்தொனியை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் வளைந்து பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே தட்டில் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிவிடுகிறார்கள். வீட்டில் ஃபோனோ சுற்று அதைத் தலைகீழாகத் திருப்புகிறது: மிகத் தாழ்ந்த ஒலியை ஏறக்குறைய 10 மடங்கு உயர்த்தி, மிக உயர்ந்ததை அதே அளவு தாழ்த்துகிறது. கீச்சொலி தாழும்போது பள்ளத்துத் தூசியின் இரைச்சலும் சேர்ந்து அடங்குவது இலவச லாபம். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 1954இல் ஒரு பொது அளவு வகுத்தன. கொழும்பில் வாங்கிய பழைய எல்பியும் நேற்று வந்த புதியதும் ஒரே பெட்டியில் சரியாகப் பாடுவது அதன் புண்ணியம்.

அடுத்தது வால்வு. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பி. உள்ளே செந்தணலாகக் கனியும் ஒரு குழாய் எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. 250 வோல்ட் ஏற்றிய உலோகத் தகடு அவற்றை இழுக்கிறது. இடையில் ஒரு மெல்லிய கம்பிச் சல்லடை. இந்தச் சல்லடையை லீ டி ஃபாரஸ்ட் 1906இல் நுழைத்தார். உன்னிச்சைக் குளத்துத் துருசை ஒருவர் கையால் திருப்பினால் வயல்வெளிக்கே தண்ணீர் பாய்கிறதல்லவா, அதே வேலைதான். சல்லடையில் அரை வோல்ட் ஏறி இறங்கினால் தகட்டில் பல பத்து வோல்ட் ஏறி இறங்கும். திருப்பும் கைக்கு எந்தப் பாரமும் தெரியாது. அருட்தந்தை லாங் என்பவர் பதிவு செய்த வாவியின் ஒலி இலங்கை வானொலியில் ஊரெல்லாம் கேட்டபோது, அதை வாங்கிப் பாடிய பல வீட்டு ரேடியோக்களிலும் இந்தக் குப்பிகள்தான் கனிந்துகொண்டிருந்தன.

இப்போது துடுப்புக் கணக்கு திரும்ப வருகிறது. ஈஎல்84 என்ற சிறிய வெளியீட்டு வால்வு, தன் முன்னே 5,000 ஓம் சுமை இருந்தால்தான் நன்றாக உழைக்கும். ஸ்பீக்கரோ வெறும் 8 ஓம். நேரே இணைத்தால் தண்ணீரும் காற்றும் கதைதான். நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்: ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று. சுமை இந்தச் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித் தெரியும்: 25ஐ 25ஆல் பெருக்கினால் 625. 8 ஓமை 625ஆல் பெருக்கினால் 5,000. இரு சுருள்களுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. முழுப் பாட்டும் இரும்பின் காந்தத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவருகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் அரிசி மூட்டை போலக் கனப்பது இந்த இரும்பால். செலவைச் சுருக்க நினைப்பவர் இதில் மட்டும் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பாடவிடவும் கூடாது, சுருள் எரிந்துபோகலாம்.

எங்கள் ஊரில் கவனிக்க இன்னும் சில உண்டு. உப்புக்காற்று வால்வின் கால்களிலும் சாக்கெட்டிலும் களிம்பு ஏற்றும். கரகரப்புக் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். மாரியில் தட்டின் உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்டுக்குச் செய்தது. நம் 230இல் செருகிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம் என்பதால், மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருக்கே.

இத்தனைக்கும் பிறகு ஈஎல்84 ஒன்று தருவது 5 வாட் சொச்சம். அதிலும் சாதாரண ஸ்பீக்கர் நூறில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. கனத்த கூம்பு லேசான காற்றைத் தள்ளுவதால், கடைசிக் கட்டத்திலும் அதே தடங்கல் சண்டை. எனவே பெரிய ஆம்ப்ளிஃபயர் தேடுமுன் ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் உள்ள டெசிபெல் எண்ணை, அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவை, படியுங்கள். 88 போட்டதை விட்டு 94 போட்டதை எடுத்தால், அதே 5 வாட் 20 வாட்டின் வேலையைச் செய்யும்.