காய்ச்சல் மாறிய பின்பு வரும் வலிப்பு

"காய்ச்சல் மாறி இரண்டு வருஷமாகுது சிஸ்டர். இப்ப ஏன் பிள்ளைக்கு வலி வருது?"

தாய்மார் பலர் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் செய்வினை என்பார். இன்னொருவர், இடம்பெயர்ந்து வந்திருந்த காணியில் ஏதோ குடியிருக்கிறது என்பார். காரணம் காணியிலும் இல்லை, செய்வினையிலும் இல்லை. அந்தப் பழைய காய்ச்சலிலேயே இருக்கலாம்.

மூளையின் நரம்புக் கலங்கள் மிக நுண்ணிய மின்துடிப்புக்களால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. சில வைரசுக் கிருமிகள் மூளையை அடைந்து இக்கலங்களைத் தாக்கும்போது மூளை வீங்குகிறது. கடுங்காய்ச்சல், தலையிடி, வாந்தி, பிதற்றல், மயக்கம், வலிப்பு என்பன தோன்றும். இதுவே மூளைக்காய்ச்சல். நோயாளி பிழைத்தாலும், கலங்கள் அழிந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடும். வாய்க்கால் வரம்பு உடைந்த இடத்தைச் சரியாகக் கட்டாவிட்டால், தண்ணீர் கூடும்போது அவ்விடத்தால் உடைத்துக்கொண்டு கண்டபடி பாயுமல்லவா? அதுபோலத் தழும்பைச் சுற்றியுள்ள கலங்களிலிருந்து மின்துடிப்பு இடையிடையே கட்டுமீறிப் பாய்கிறது. அதுதான் வலிப்பு. இந்த மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால், காய்ச்சலுக்கும் முதல் வலிப்புக்கும் இடையில் மாதங்களோ வருடங்களோ கழியலாம்.

மூளைக்காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வைரசு மூளைக்காய்ச்சலின்போதே வலிப்பும் கண்டவர்களுள் நூற்றுக்கு 22 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் வலிப்பு மீண்டும் வந்தது. காய்ச்சலின்போது வலிப்பு வராதவர்களுள் அது நூற்றுக்கு 10 பேர். ஆகவே, "காய்ச்சலோடு வலியும் வந்ததா?" என்று வைத்தியர் கேட்பது வீண் கேள்வியல்ல.

இலங்கை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டிய மூளைக்காய்ச்சல் ஜப்பானிய மூளைக்காய்ச்சலாகும். 1985-86இல் அநுராதபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பரவி 385 பேரைப் பீடித்தது. 64 பேர் இறந்தனர். 1987-88இல் இன்னும் பெரிதாக வந்தது. இந்த வைரசு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. வயல் நீரில் உற்பத்தியாகி, மைம்மலிலும் இரவிலும் கடிக்கும் நுளம்பு அதனை மனிதருக்குக் கொண்டுவருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. புதிதாக நீர்ப்பாசனம் பெற்ற வயற்பகுதிகளில், குடியேறிய குடும்பங்களுக்கு மேலதிக வருமானம் கிடைக்கட்டும் என்று பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்ட காலம் அது. நல்ல எண்ணத்துடன் செய்த காரியந்தான். வாழ்வாதார உதவியென்று பன்றிக்குட்டி கொடுக்கும் நம்மைப் போன்றவர்கள், பட்டியை வீட்டிலிருந்து எட்ட அமைக்கும்படி சொல்லியாவது கொடுக்கவேண்டும்.

இந்நோய்க்கு எதிரான தடுப்பூசி 1988இல் நமது நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. இப்போது ஒரு வயது முடிந்த குழந்தைகளுக்கு இலவசமாக ஏற்றப்படுகிறது. ஓடி ஓடி இருந்த காலத்தில் பிள்ளையின் அட்டை தொலைந்திருந்தால், ஊசி போட்டதோ இல்லையோ என்று யோசித்துக்கொண்டிராமல் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். சின்னமுத்தும் சில வேளைகளில் மூளையைத் தாக்கும். அதற்கும் ஊசி உண்டு.

வலிப்பு வந்துவிட்டால், அது மருந்தால் அடங்கும் நோய். பெரும்பாலானோருக்கு ஒழுங்காகக் குளிசை எடுத்தாற் போதும். அரசாங்க வைத்தியசாலைகளில் அவை இலவசம். நாம் அதிகம் கண்ட துன்பம் நோயால் மட்டும் வந்ததல்ல, மருந்து அறுந்ததாலும் வந்தது. இடம்பெயரும் அவசரத்தில் குளிசை விடுபடும்; திடீரென நிறுத்தியதும் வலிப்பு முன்னிலும் கடுமையாகி, விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடையாள அட்டையை வைக்கும் அதே பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பியையும் ஒரு கிழமைக் குளிசையையும் வையுங்கள். வெள்ளத்துக்கும் அது உதவும். வலிப்பு நின்றுவிட்டது என்று தாமாக நிறுத்தக்கூடாது. பொதுவாக இரண்டு வருடங்களாவது வலிப்பு வராதிருந்த பின்பே வைத்தியர் மெல்லக் குறைப்பார். கலியாணம் பேசும்போது மறைப்பதற்காகப் பெண்பிள்ளையின் மருந்தை நிறுத்தும் வீடுகளும் உண்டு. அது பெரும் தவறு. ஆனால் சில வலிப்பு மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிப்பதால், கலியாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்வது நல்லது.

வலிப்பு வந்து விழுந்தவரைப் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள். கையில் இரும்பு கொடுப்பதும், வாய்க்குள் கரண்டி வைப்பதும், தண்ணீர் பருக்குவதும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது காய்ச்சலோடு வந்தால், உடனே ஆஸ்பத்திரி.

வலிப்புள்ள தன் மகன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் முறையிட்டதை நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் வீடுகளிலும் ஆபத்து அவ்விரண்டிலுந்தான். அடுப்பை மண்ணால் சுற்றிக்கட்டி உயர்த்துங்கள். குப்பி விளக்கருகே பிள்ளையைத் தனியே படிக்க விடவேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், வயல் வேலைக்கும் வரட்டும். குளத்தில் மட்டும் தனியே இறங்க விடாதீர்கள். கட்டில்லாத கிணறென்றால், வேறொருவர் அள்ளி வாளியில் வைக்க, தள்ளி நின்று குளிக்கட்டும்.