ரொறன்ரோ டிஸ்க், லண்டன் பிளேயர்

புளூ-ரே பிளேயர் வாங்கப்போகிறேன் என்று யாரும் யோசனை கேட்டு வந்தால் நான் படத்தின் தெளிவைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "உங்கடை ஆக்கள் எந்த நாட்டிலை?" என்றுதான் கேட்பேன். டெக் திருத்திய காலத்திலேயே தொடங்கிய கேள்வி இது. கனடாக் கசற் என்.ரி.எஸ்.சி. முறை, எங்கள் ரீவி பி.ஏ.எல். முறை. கசற் போய் டிஸ்க் வந்தும் அந்தச் சிக்கல் தீரவில்லை, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

புளூ-ரேக்காக உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் இலங்கையும் சி. பிளேயரின் வலயமும் டிஸ்க்கின் வலயமும் பொருந்தாவிட்டால் படம் தொடங்காது. மகன் ரொறன்ரோ, மகள் பாரிஸ், தாய் தகப்பன் கொக்குவில் என்றால் மூன்று வலயமும் ஒரே வீட்டில்தான். ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' படத்தையே எடுங்கள். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற படம். அதன் நாயகன் ஷோபாசக்தி எங்கள் அல்லைப்பிட்டியில் பிறந்தவர், பேச்சும் பெரும்பாலும் தமிழ். ஆனால் கிரைட்டீரியன் நிறுவனம் அமெரிக்காவில் 2017இல் வெளியிட்ட அதன் புளூ-ரே ஏ வலயத்துக்குரியது. இலங்கைக்கென்று வரும் சி வலயப் பிளேயரில் போட்டால் அது ஓடாது! அதனால் எல்லா வலயத்தையும் எடுக்கும் 'ரீஜன் ஃப்றீ' பிளேயர்தான் எங்கள் ஊருக்குச் சரி. 2016இல் வந்த 4கே டிஸ்க்குக்கு வலயப் பூட்டு இல்லை. ஆனால் 4கே பிளேயரும் சாதாரண புளூ-ரேக்குப் பூட்டுப் போட்டுத்தான் வரும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் 'ரீஜன் ஃப்றீ'யான லண்டன் பிளேயருக்கே என் வாக்கு. மின்சாரம் பொருந்தும், 13 அம்பியர் பிளக்கும் பொருந்தும், பி.ஏ.எல்., என்.ரி.எஸ்.சி. இரண்டும் பொதுவாக ஓடும். கனடாவிலிருந்து வருவதன் பின்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 100–240 என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ற் மட்டும் என்றால் எங்கள் 230இல் கொழுவியதும் பவர் சப்ளை கருகும். இன்னொன்று: வட அமெரிக்கப் பிளேயர்களில் பல பி.ஏ.எல். டிவிடியை எடுப்பதில்லை. வீட்டுக் கலியாண டிவிடி இங்கே பதிந்ததென்றால் அனேகமாக பி.ஏ.எல்.தான்.

தெளிவு எங்கிருந்து வருகிறது? டிவிடியைப் படிப்பது 650 நனோமீற்றர் சிவப்பு லேசர். புளூ-ரேக்கு 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர். கட்டை முனைப் பேனைக்குப் பதிலாகக் கூர்முனைப் பேனை பிடித்ததுபோல, அதே அளவுத் தட்டில் கூட எழுதலாம். டிவிடியின் ஓர் அடுக்கு 4.7 ஜிபி, புளூ-ரேயின் ஓர் அடுக்கு 25 ஜிபி. திரையிலும் பி.ஏ.எல். டிவிடி தருவதைவிடச் சரியாக ஐந்து மடங்கு புள்ளிகள். பழைய டிவிடியைப் போட்டால் பிளேயர் அதைப் பெருப்பித்துக் காட்டும். பார்க்கக் கொஞ்சம் நன்றாயிருக்கும், ஆனால் கமராவில் பதியாத நுணுக்கத்தை எந்தப் பிளேயரும் உண்டாக்காது.

அம்மம்மாவின் பெட்டி ரீவியில் கொழுவலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2013க்குப் பிறகு செய்த பிளேயர்களில் மஞ்சள் வயருக்குப் படம் போகும் ஓட்டை இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். முன்பக்க யுஎஸ்பி துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது கலியாண வீடியோ பென்டிரைவில்தான் வருகிறது.

டிஸ்க்கை நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டு விரல் பரப்பில் படப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது, புளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர்தான். அதனால் கீறல் தாங்கும் பூச்சோடு வருகிறது. ஆனால் எண்ணெய்க் கைக்கு அந்தப் பூச்சு என்ன செய்யும்? மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். கலியாண டிவிடிகள் அச்சடித்தவை அல்ல, சாயப்படலத்தில் லேசரால் எழுதியவை. எங்கள் வெயிலிலும் வெக்கையிலும் அந்தச் சாயம் மங்கும். பிளேயர் வாங்குவதற்கு முன் அவற்றை ஒரு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள்.