நகர வீட்டுத் தோட்டத்தைச் சீரமைக்கும் முறை

பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துத் துளசியும் மலரும் வளர்த்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தோட்டக்கலை நம் பகுதிக்குப் புதிதன்று. ஆயினும், தேவதானம் போன்ற ஊர்களில் தென்னையும் மாவும் வளர்த்த குடும்பங்கள் நகரில் வீடு கட்டியதும், எஞ்சிய கொல்லையைச் சிமெண்டுத் தளமாக்கிவிடுகின்றன. இதனால் இழப்பது கீரையும் கறிவேப்பிலையும் மட்டுமல்ல. மழைநீர் மண்ணில் இறங்கும் வழியும் அடைபடுகிறது. கிணறு வற்றிய பின் வருந்திப் பயனில்லை.

முதலில் நீரைக் கணக்கிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 930 லிட்டர் கிடைக்கும். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆகையால், ஐப்பசிக்கு முன்னரே குழாய்களையும் வடிகுழிகளையும் தூர்வாரி வைத்தல் நலம்.

அடுத்து வெயிலைக் கவனிக்க வேண்டும். கத்தரி, வெண்டை, தக்காளி ஆகியவற்றிற்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலேனும் தேவை. நிழற்பாங்கான இடத்திற்குப் புதினாவும் வெற்றிலையும் ஏற்றவை. குளியலறை நீர் வாழைக்குப் பாயலாம். ஆனால் நெசவாளர் இல்லங்களில் சாயநூல் அலசிய நீரை ஒருபோதும் தோட்டத்தில் விடலாகாது. அதிலுள்ள உப்பும் இரசாயனங்களும் மண்ணைக் கெடுத்துவிடும். முருங்கைக் கிளை எளிதில் முறியுமாதலால், அதனைச் சுவருக்கும் மின்கம்பிக்கும் அருகில் நடக்கூடாது.

நிலமே இல்லாதவர்க்கு மாடி உண்டு. எனினும் நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. அதனை மாடியில் பரப்புவது கட்டடத்திற்கு ஆபத்து. 2013-ஆம் ஆண்டில் அரசுத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியபோது, தென்னை நார்க்கழிவுக் கட்டிகளையே அவற்றில் சேர்த்தது. எடை குறைவு, ஈரத்தைத் தாங்கும் தன்மை ஆகிய இரண்டும் அதன் சிறப்புகள். உப்பு நீங்க அதனை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி, மக்கிய தொழுவுரம் கலந்து பைகளில் இடவேண்டும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர்களை ஒட்டி, நீர் தேங்காதவாறு கட்டைகளின் மேல் வைத்தல் வேண்டும்.

நம் உழவர் கழிவென ஒதுக்கும் நார்த்தூளே நகரத்து உறுப்பினர் வீட்டில் காய்கறியாக மாறக்கூடும். கொடுப்போரும் கொள்வோரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது, இதற்கு ஏற்பாடு செய்வது கடினமன்று.