வெகுமதியா, பரிதானமா?



கடந்த டிசம்பர் மாதம் உபவாச ஜெபம் முடிந்தபின், தாராவியில் குடியிருக்கும் நமது சபைச் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். ரேஷன் கார்டில் மனைவி, மகள் பெயர்களைச் சேர்க்க விண்ணப்பித்து நான்கு மாதங்களாகியும் கார்டு வரவில்லை. ஏஜெண்ட் ஒருவர், "பண்டிகைதானே, சாஹிபுக்கு ஒரு கேக்கும் கவரும் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

"பாஸ்டர், இது லஞ்சமா? வெகுமதியைக் குறித்து நீதிமொழிகளிலேயே நல்லதாகத்தானே எழுதியிருக்கிறது?"

அவர் நினைத்தது 18:16. அந்த வசனம் உலகம் நடக்கும் விதத்தைச் சொல்லுகிறதேயன்றி, அப்படியே செய்யும்படி கட்டளையிடவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில், நியாயத்தைப் புரட்டும்படி இரகசியமாய்க் கைமாறுவதற்கு நமது வேதாகமம் வேறொரு சொல்லை வைத்திருக்கிறது: பரிதானம். இவ்விரண்டையும் பிரிப்பது பொருளின் விலையன்று. வாங்குகிறவருடைய மேஜையின்மேல் நம்முடைய காகிதம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அரசாங்க விதிகளும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, திருமணம், மதப் பண்டிகை போன்ற வேளைகளில் நெருங்கிய உறவினரும், அலுவல் தொடர்பில்லாத நண்பரும் வழக்கப்படி பரிசளிக்கலாம். 25,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அதிகாரி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சாதாரணமாய் அளிக்கும் ஒருவேளை உணவு பரிசாக எண்ணப்படுவதில்லை. ஆனால் அலுவல் தொடர்புள்ளவரிடம் ஆடம்பரமான உபசரிப்பையும் அடிக்கடி பெறும் உபசரிப்பையும் தவிர்க்க வேண்டும். மாநில ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, அதில் ஓர் உதாரணம் சேர்க்கப்பட்டது. ஒருவருடைய ரேஷன் கார்டு விண்ணப்பத்தைக் காலத்தில் முடிக்க 5,000 ரூபாய் கேட்கும் ஊழியர் குற்றவாளி என்கிறது அது. நமது சகோதரருக்கென்றே எழுதியதுபோல! ஏஜெண்ட் வழியாய் வாங்கினாலும் குற்றமே. கொடுக்கிறவருக்கும் ஏழு ஆண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வற்புறுத்தலினால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் தப்பலாம். மஹாராஷ்டிராவில் லஞ்ச ஒழிப்புத் துறையின் தொலைபேசி எண் 1064.

இதைப் போதிக்க எனக்கு என்ன தகுதி? பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆராதனைக் கூடத்திற்கு மின் இணைப்பு தாமதமானபோது, அடியேனே ஓர் அதிகாரியின் வீட்டிற்குப் பழக்கூடையும் பட்டுச்சேலையும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. அந்த ஞாயிறன்று, கர்த்தர் வழியைத் திறந்தார் என்று பிரசங்க பீடத்தில் சாட்சியும் சொன்னேன். சபையார் கைதட்டினார்கள். சேலையைப்பற்றி நான் சொல்லவில்லை.

பின்னொரு நாள் அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தைப் போதிக்க ஆயத்தப்படுகையில் என் நாவு ஒட்டிக்கொண்டது. தேசாதிபதியாகிய பேலிக்ஸ், பவுலிடம் பணம் கிடைக்குமென்று எண்ணி அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். தம் ஜனத்தாருக்குத் தர்மப்பணம் கொண்டுவந்ததாகப் பவுல் அவன் முன்பாகவே சொல்லியிருந்தார். ஆசை அதிலே பிறந்திருக்கலாம். பவுலுக்கு உதவி அனுப்பிய பிலிப்பி சபையும் இருந்தது. கேட்டிருந்தால் சேர்த்து அனுப்பியிருப்பார்களே! ஆயினும் இரண்டு வருஷம் செசரியாவில் காவலிலேயே இருந்தார். பேலிக்ஸ் பதவியைவிட்டுப் போகும்போதும் அவரை விடுதலையாக்கவில்லை.

இவற்றையெல்லாம் சகோதரரிடம் சொன்னேன், சேலையையும் சேர்த்து. பின்பு இருவரும் அமர்ந்து, விண்ணப்பத்தின் நிலை என்ன, யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டு, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதினோம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வாங்கிவைத்த கேக்கை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தின்று முடித்தார்கள்.

இதை எழுதும் இன்று பத்தொன்பதாம் நாள். ஏஜெண்ட் இருமுறை போன் செய்திருக்கிறார். அரிசியை இன்னும் கடை விலைக்கே வாங்குகிறார்கள். சென்ற ஆராதனை முடிந்தபோது சகோதரரின் மனைவி என்னிடம் வந்து, "பவுலுக்கு இரண்டு வருஷம் பாஸ்டர், எங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை அவர்களோடு அந்த அலுவலகத்திற்குப் போகிறேன், வெறுங்கையோடு.